முள்ளம்பன்றி தொடாத பாத்தி

மாலை வகுப்பில் தினம் பத்து வரி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பதினைந்து வரி எழுதுவேன். மறுநாள் அதில் ஐந்தாறை அடித்துவிடுவேன். அந்த நோட்டுப் புத்தகம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அடித்த வரிகளையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தேயிலைத் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே. தோட்டத்து எல்லை முடிகிற பள்ளத்தில் உருளைக்கிழங்கு விதைப் பண்ணை ஒன்று இருந்தது. தோட்டத்தில் பேர் பதியாத ஆட்கள் சிலர் அங்கே கூலிக்குப் போனோம். எழுதத் தெரியும் என்பதால் என் கையில் மண்வெட்டி கொடுக்கவில்லை. மரக்குச்சிகளில் வரிசை எண் எழுதி நடுவதும், எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவில் தடவினார்கள் என்று பதிவதும் என் வேலை. லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராவில் இருந்த மாயாண்டி அண்ணன் அதே பண்ணையில் பாத்தி வெட்டினார். அவர் மனைவி ராக்காயி மதினி தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, அழகம்மா. ஏழு வயது.

1961 ஆகஸ்ட் பதினான்கு, திங்கட்கிழமை. அன்றுதான் பதினேழாம் வரிசையைத் தோண்டினோம். பண்ணைப் பொறுப்பாளர் பேரின்பநாயகம் ஐயா வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பளிக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, குளிரில் மூக்கு சிவந்து போய், ஒவ்வொரு செடியாகத் தூக்கிக் காட்டச் சொன்னார். மற்ற வரிசைகளில் செடிகள் கருகல் நோயில் அழுகி நாற்றமெடுத்திருந்தன. பதினேழில் ஒரு இலையும் கருகவில்லை.

"இது காட்டுக் கிழங்கும் தோட்டக் கிழங்கும் தானாக் கலந்து பிறந்தது, தம்பி. எங்கையோ ஒரு குளிர் மலையில வயல் ஓரத்தில முளைச்சுக் கிடந்ததாம். ஒருத்தரும் நடேல்லை" என்றார்.

"அப்பன் பேரு தெரியாத பயன்னு சொல்லுங்கய்யா" என்றார் மாயாண்டி அண்ணன், மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு.

ஐயா சிரித்தார். "ஓம். ஆனா அவன்ர உடம்பில இருக்கிற பலம் எங்கட கிழங்குக்கு இல்லை. எழுதும் செல்லசாமி. பனி, தாங்கும். கருகல், பிடிக்கேல்லை. வேரடியில ஓடுற கொடி, நீளம், மூண்டு அடி. கிழங்கு, கனக்க இருக்கு, ஆனாச் சிறிசு. தடவின பூ எத்தினை?"

"நூத்தி நாப்பதுங்கய்யா."

"காய்ச்சது?"

"மூணு."

"மூண்டு போதும்" என்றார், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

பேரேட்டில் கடைசியாக ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. "சுவைன்னு ஒரு கட்டம் இருக்குங்களே ஐயா. அதுல என்னா எழுதுறது?"

"அதை விடும். இது தின்னுறதுக்கில்லை, கலக்கிறதுக்கு. இதில இருக்கிற பலத்தை எடுத்து நல்ல கிழங்கில ஏத்தோணும். பத்து வரிசம், பன்னிரண்டு வரிசம் செல்லும்."

நான் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன்.

மாயாண்டி அண்ணன் ஏன் அந்த வரிசையை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்குத் தெரியும். ஏப்ரலில் அழகம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இருபத்தொரு நாள் கிடந்தாள். தலைமுடி கொட்டிவிட்டது. அப்போது அவர் லயத்துக்கு மேலே பாறையடியில் இருக்கும் முனியிடம் போய், பிள்ளை எழுந்தால் என் பாத்தியின் முதல் வெட்டுக் கிழங்கை உனக்குப் படைக்கிறேன் என்று நேர்ந்துவிட்டு வந்தார். பிள்ளை எழுந்தாள். ஆனால் ஜூன் மழையில் அவர் பாத்தி முழுக்கக் கருகிவிட்டது. முனிக்குக் கொடுக்க ஒரு கிழங்கும் தேறவில்லை. அதற்குப் பிறகு அழகம்மாவுக்கு மாதம் ஒரு முறை உடம்பு சுட்டது. காரணம் என்ன என்று லயத்தில் யாரும் யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பதினேழாம் வரிசையில் பெரிய கிழங்குகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடச் சொன்னார் ஐயா. மூடுகிற வேலை மாயாண்டி அண்ணனுக்கு. நான் குச்சிகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து விரித்து, இரண்டு கையாலும் அள்ளி வைத்து முடிந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்ணே."

"எழுதுவியா?"

"எதுக்கு எழுதணும்?"

"நீதான் தும்மல் வந்தாலும் எழுதுற ஆளாச்சே."

வீட்டுக்கு ஏறிவருகிற வழியில், இரண்டாவது வளைவில், நான் சொன்னேன்: "அண்ணே, இது திங்கறதுக்கு இல்லன்னு ஐயா சொன்னாரே."

"திங்கறதுக்கில்லாத கெழங்க எவன்டா காசு செலவழிச்சு கப்பல்ல கொண்டாந்து நடுவான்? நம்ம கையில சிக்கிடக் கூடாதுன்னு சொல்லுவாங்க. கிராம்பு மரத்துக்குக் கீழ நின்னா பூச்சி கடிக்கும்னு சொல்லி நம்மள வெரட்டினவங்கதானே."

"அப்படித்தான் இருக்கும்" என்று நான் சொன்னேன். இதை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஐயா சொன்னதை நான் அவரிடம் சொன்னேன் என்பது உண்மை. அதை எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதுதான் எனக்கு நிச்சயமில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மழைக்குப் போட்ட சாக்கு அவர் காதைப் பாதி மூடியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் நட்டார். லயத்துக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு பாத்தி. அவருடையது ஓரத்துப் பாத்தி. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ராக்காயி மதினி மாட்டுச்சாணியைக் கூடையில் சுமந்து போட்டாள். ஈரப் படங்குச் சாக்கு இடுப்பில் கட்டியபடியே இருக்கும். கைவிரல்களில் கொழுந்துக் கறை கறுத்திருக்கும். அழகம்மா பாத்தி ஓரத்தில் குந்திக்கொண்டு எண்ணுவாள். எண்ணுவது அவளுக்கு என்னிடமிருந்து தொற்றியது.

"சித்தப்பா, நாப்பத்தி ஒண்ணு மொளச்சிருக்கு."

"நாப்பது. அது புல்லு."

"அதுவும் பச்சையாத்தானே இருக்கு?"

நவம்பரில் மழை நிற்கவில்லை. காலையில் பெரட்டில் பேர் கொடுத்து வேலை வாங்கப் போகிறவர்கள் முகம் தெரியாத மூடுபனிக்குள் நடந்தார்கள். ரொட்டி சுட்டால் விறகுப் புகை காம்பராவைவிட்டு வெளியேற மாட்டாமல் கூரைக்கடியில் நின்றது. மாதக் கடைசியில் கருகல் வந்தது. முதலில் மூக்கனின் பாத்தியில் இலை நுனிகளில் எண்ணெய் பட்டதுபோல் புள்ளி. மூக்கன் எங்கள் வரிசையில் கடைசிக் காம்பரா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். ஐந்தாம் நாள் மற்றப் பத்துப் பாத்திகளும் கறுத்துச் சாய்ந்தன. மாயாண்டி அண்ணனின் பாத்தி மட்டும் இடுப்பளவு நின்றது. ஊதாப் பூ பூத்தது.

"என்னா மாயாண்டி, ஒன் செடிக்கு மட்டும் மழை கோட்டு தச்சுப் போட்டியா?" என்று மூக்கன் கேட்டார்.

"முனி பாக்குறாரு."

"எங்களப் பாக்க அவருக்குக் கண்ணு இல்லியாக்கும்."

முள்ளம்பன்றி வருடா வருடம் வரும். எல்லோருடைய பாத்தியையும் தோண்டும். அந்த டிசம்பரில் கருகின பாத்திகளில் மிஞ்சியிருந்த பிஞ்சுக் கிழங்குகளைக்கூட விடாமல் தோண்டித் தின்றது. காலையில் நான் போய்த் தடம் பார்த்தேன். மூக்கனின் பாத்தி முழுக்கக் குழி. அங்கிருந்து தடம் மாயாண்டி அண்ணனின் பாத்திக்கு வருகிறது. ஒரே ஒரு குழி, நாலு விரல் ஆழம். பக்கத்தில் கடித்துத் துப்பிய ஒரு கிழங்கு. பிறகு தடம் பாத்தியைச் சுற்றிக்கொண்டு போகிறது.

"பாத்தியா? முள்ளம்பன்றிக்கே எல்லை காட்டிட்டாரு" என்றார் மாயாண்டி அண்ணன்.

ராக்காயி மதினி அந்தக் கடித்த கிழங்கை எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். "ஏன் துப்பிருச்சு?"

"அவரு பொருளு. எப்படித் திங்கும்?"

அன்றைய பக்கத்தில் "தடம் சுற்றிப் போகிறது, காரணம் தெரியவில்லை" என்று எழுதி, "காரணம் தெரியவில்லை" என்பதை அடித்திருக்கிறேன். தெரியும் என்று நினைத்து அடித்தேனா, கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்து அடித்தேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

சனவரி முதல் வாரம் பனி விழுந்தது. தேயிலைத் தளிர்கள் கருகின; பீலிக் குழாய்க்கடியில் வைத்திருந்த வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடிபோல ஏடு கட்டியிருந்தது. லயத்துக் கோழிகள் இரண்டு செத்தன. வெயில் ஏறியதும் ஓரத்துப் பாத்தியில் வெள்ளை உருகி வடிந்தது; உள்ளே இலைகள் பச்சையாக நிமிர்ந்தன. அதைப் பார்க்க லயமே வந்து நின்றது. மூக்கன்கூட. அழகம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, இதுக்குச் சாவே வராதா?" என்று கேட்டாள்.

பொங்கல் கழிந்து வியாழக்கிழமை தோண்டினார்கள். கிழங்குகள் நெல்லிக்காய் அளவு. ஆனால் ஒரு செடிக்கு ஐம்பது அறுபது. கொடி பக்கத்துப் பாத்திவரை ஓடியிருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து மூன்று நாள் வெயிலில் காயவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தோலில் பச்சை ஏறிவிட்டது.

"எளசுல்ல, பச்சை புடிச்சிருக்கு" என்றாள் ராக்காயி மதினி.

படையலுக்குச் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. சாமிக்கு முன்னால் மனுசர் நாக்கில் படக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு சமைப்பார்கள். ராக்காயி மதினி அப்படித்தான் சமைத்தாள். சின்னக் கிழங்கு என்பதால் தோல் சீவவில்லை. புளியும் மிளகாயும் கரைத்து ஊற்றி, பாறையடியில் மூன்று கல் கூட்டி, கண்ணில் புகை ஏற ஏறக் கிளறினாள். ஒரு சேவல் அறுத்தார்கள். சோறு பொங்கியது. மாயாண்டி அண்ணன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நேர்ந்தவர் எல்லோரும் உண்டு முடித்த பிறகுதான் வாய் நனைக்க வேண்டும்.

நடுப்பகலில் படைத்து, சூடம் காட்டி, பந்தி வைத்தார்கள். பெரியவர்கள், பிள்ளைகள் என்று பதினொரு பேர். இலைக்கு ஒரு அகப்பை. நான் எண்ணினேன், என் இலையில் எட்டுக் கிழங்கு. அழகம்மாவும் எண்ணினாள். "எனக்கும் எட்டு" என்றாள்.

முதல் கிழங்கை மென்றதும் நாக்கின் அடியில் சுட்டது. கைப்பு பிறகுதான் வந்தது. தொண்டையில் இறங்கி அங்கேயே நின்றது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லோரும் மெல்வதை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் என்னைப்போலவே மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கன்தான் வாயைத் திறந்தார். "ராக்காயி, வேப்பங்கொட்டைய அரைச்சு ஊத்திட்டியா?"

"சாமி சோத்த நையாண்டி பண்ணாதய்யா. மொத வெட்டு. கைக்கத்தான் செய்யும். முழுங்கு."

"ஒன் சாமிக்கு நாக்கு இல்ல. எனக்கு இருக்கே."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு இரண்டு மூன்றை விழுங்கினார்கள். மூக்கன் மீதியைக் கால் பெருவிரலால் மண்ணைக் கீறிப் புதைத்ததை நான் பார்த்தேன். நான் மூன்று தின்றேன். மீதியை இலையில் மடித்துக்கொண்டேன்.

அழகம்மா முதல் கடியிலேயே பாவாடையில் துப்பிவிட்டாள்.

"துப்பாதடி! ஒன் உசுருக்கு நேந்த சோறு" என்றாள் ராக்காயி மதினி. வாயில் கட்டிய மஞ்சள் துணி அவள் கழுத்தில் இறங்கிக் கிடந்தது.

"தொண்டை எரியுதும்மா."

"ஒண்ணே ஒண்ணு. அம்மாவுக்காக."

பிள்ளை வாயைத் திறந்தாள்; கண்ணீர் வந்துவிட்டது; மறுபடி துப்பினாள். ராக்காயி மதினி பாறையைத் திரும்பிப் பார்த்தாள். பந்தியை ஒரு முறை பார்த்தாள். பிறகு மகள் கையிலிருந்ததையும் பாவாடையிலிருந்ததையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். இலையில் இருந்த கிழங்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள். "இப்பப் பாரு. நீ தின்ன மாதிரித்தான்" என்றாள். தன் இலையை முடித்தாள். படையல் மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிப் போகக் கூடாது என்று சட்டியின் அடியையும் வழித்தாள். அதில் ஆறோ ஏழோ இருந்திருக்கும். மாயாண்டி அண்ணன் இலை போட்டு உட்கார்ந்தபோது சோறும் கோழியும்தான் மிஞ்சியிருந்தன.

மூன்றரை மணிக்கு எனக்குத் தலைவலி தொடங்கியது. பிறகு வாந்தி. லயத்தின் நீளத்துக்கு ஒவ்வொரு இஸ்தோப்பிலிருந்தும் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ராக்காயி மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். சிறிது நேரத்துக்குள் கண் நிலைகொள்ளாமல் அலைந்தது. கொழுந்துக் கூடையைக் காணோம், கங்காணி ஏசுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"முனி ஏத்துக்கல" என்றாள் பேச்சியம்மா, மூக்கனின் மனைவி. "என்னமோ குத்தம் நடந்திருக்கு. துன்னூறு பூசி இருங்க. கோபம் எறங்கட்டும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மாயாண்டி அண்ணனிடம் போனேன். "அண்ணே, கெழங்கு. கெழங்குதான். டிஸ்பென்சர் ஐயாகிட்டச் சொல்லிருவோம்."

அவர் என் கையைப் பிடித்தார். "சொல்லாத தம்பி. வேல போறது போகட்டும். சாமிக்குக் களவுப் பொருள வச்சேன்னு ஆயிருமே. அப்பறம் எம் புள்ளைய யாரு காப்பாத்துவா?"

நான் திரும்பி வந்து என் காம்பராவில் உட்கார்ந்தேன். நோட்டில் "கொஞ்ச நேரம்" என்று எழுதி, அதை அடித்து, "ஒரு மணி நேரம்" என்று எழுதியிருக்கிறேன்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவை மூக்கன்தான் கூட்டிவந்தார். என்ன தின்றீர்கள் என்று அவர் கேட்டபோது எல்லோரும் "சாமி சோறு" என்றார்கள். நான்தான் பண்ணைக் கிழங்கு என்றேன். அவர் கிழங்குச் சாக்கைக் கிளறிப் பார்த்து, பச்சைத் தோலை நகத்தால் சுரண்டி, உடனே தோட்டத்து லொறியை எடுக்கச் சொன்னார். கொழுந்துச் சாக்குகளின் மேல் ஆட்களைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அழகம்மா தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பதினொரு பேரில் அவள் ஒருத்திதான் நேராக உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ராக்காயி மதினி இறந்துபோனாள். மற்றவர்கள் பிழைத்தோம்.

லயத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். பிள்ளைக்கு வைத்த குறியைத் தாய் வாங்கிக்கொண்டாள், கணக்குத் தீர்ந்தது, இனி அழகம்மாவுக்கு ஒன்றும் வராது என்றார்கள். மாயாண்டி அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அழகம்மா என் இஸ்தோப்பில் வந்து நின்றாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா, நா துப்புனத எழுதிட்டீங்களா?"

நான் நோட்டை மூடினேன்.

"நா திங்காததாலதானே அம்மா எட்டும் எட்டும் தின்னுச்சு. அப்பாவுக்குத் தெரியாது. பந்தி வெளம்பிக்கிட்டு இருந்தாரு." கீழே குனிந்து பாவாடை விளிம்பைத் திருகினாள். "நா எட்டுத் தின்னேன்னு எழுதுங்க. அம்மாவுக்கும் எட்டுன்னு எழுதுங்க."

பண்ணைக்குப் போனபோது பேரின்பநாயகம் ஐயா முகம் வெளிறியிருந்தார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. குழியைத் தோண்டிப் பார்த்திருந்தார்.

"களவை நான் எழுதேல்லை, தம்பி. மாயாண்டிக்கு வந்த தண்டனை காணும். ஆனா ஆர் எத்தினை திண்டதெண்டு எனக்குத் தெரியோணும். நஞ்சு எவ்வளவு எண்டு அறியாமல் இந்த வரிசையை வைச்சிருக்கேலாது. மூண்டு காயின்ர நாத்தும் அங்க தட்டில நிக்குது. வேணுமெண்டால் எல்லாத்தையும் எரிச்சுப்போட்டு விடுவன்."

அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். நான் நோட்டைப் பார்க்காமல் சொன்னேன். மூக்கன், இரண்டு. நான், மூன்று.

"இறந்த பொம்பிளை?"

"எட்டுங்கய்யா."

"அவவின்ர பிள்ளை?"

தட்டில் நாற்றுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம். முந்தின இரவுப் பனியில் பக்கத்துத் தட்டு முழுக்கச் செத்திருந்தது.

"எட்டு."

ஐயா பேனாவை நிறுத்தினார். "பிள்ளைக்கு என்ன வந்தது?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா."

"வாந்தி?"

"இல்லைங்கய்யா."

எழுதிய பெயர்களை மறுபடி படித்தார். பிறகு நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். அவர் தோளிலிருந்து ஏதோ இறங்கியதை நான் பார்த்தேன். "அப்ப அந்த மனிசிக்கு உள்ளுக்கு வேற ஏதோ வருத்தம் இருந்திருக்கு. ஏழு வயசுப் பிள்ளை அவ்வளவு திண்டும் நிண்டிருக்குது. கிழங்கில கைப்பு இருக்கு. அவ்வளவுதான். கலப்பில அது போயிடும்." பேரேட்டை என் பக்கம் திருப்பினார். "எழுதும்."

பெப்ரவரியில் இன்னொரு பனி விழுந்தது. மாயாண்டி அண்ணன் பாத்தியைக் கொத்திக் கிளறி எரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் கதவைத் திறந்தேன். எங்கும் வெள்ளை. ஓரத்துப் பாத்தியிலும், அதற்கு மூன்றடி தள்ளி மூக்கனின் பாத்தியிலும் பச்சை முளைகள் நிமிர்ந்திருந்தன. அழகம்மா அவற்றின் முன்னால் குந்திக்கொண்டிருந்தாள். அவள் எண்ணவில்லை.

பண்ணையில் அந்த மூன்று காயின் நாற்றுகளை நிலத்தில் பிரித்து நட்டோம். குச்சிகளில் எண் எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வேண்டாம், இன்னும் ஆறேழு வருடத்தில் அதன் விதையைத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாம் என்று ஐயா சொன்னார்.

பேரேட்டில் சுவை என்ற கட்டத்தில் நான் போட்ட சிறு கோடு இப்போது இல்லை. அதன் மேல், "சற்றுக் கைப்பு. எட்டுக் கிழங்கு உண்ட குழந்தைக்குத் தீங்கில்லை" என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அதில் ஒரு எழுத்தையும் நான் இன்னும் அடிக்கவில்லை.